கோப்பு இருக்கிறது, போய்க் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஆல்பர்ட்டாவின் ஆம்பர் வேலியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1910ஐ ஒட்டி அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் காடு வெட்டி உண்டாக்கிய ஊர் அது. வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எட்மன்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பதில்களில் கொஞ்சம் பழைய காகித வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெய்ரி எனப்படும் மேற்குக் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் குடியேறியவர்கள் என்றாலே உக்ரேனியர், ஜெர்மானியர், ஐஸ்லாந்துக்காரர் என்றுதான் என் மகள் பள்ளியில் படிக்கிறாள். கறுப்பினத்தவர் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? பத்து இருபது குடும்பமா? அவர்கள் ஏன் இந்தக் குளிரைத் தேடி வரவேண்டும்?
— கால்கரி வாசகி

1908 முதல் 1911 வரை ஆல்பர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் வந்தவர்கள் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை இருக்கும். லட்சக்கணக்கில் வந்த ஐரோப்பியர்களுக்கு முன்னால் அது சின்ன எண்தான். ஆனால் ஐந்து ஊர்களை உண்டாக்கப் போதுமான எண்.

ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒக்லஹோமாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தெற்கிலிருந்து நிலமும் நிம்மதியும் தேடி ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து ஒக்லஹோமாவுக்கு வந்தவர்கள் இவர்கள். 1907 நவம்பரில் அது மாநிலமானது. மாநில மேலவையில் எடுத்த முதல் மசோதாவே ரயில் பெட்டியிலும் காத்திருப்பு அறையிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பதற்கானது. 1910இல் அடுத்த அடி. ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் 1866க்கு முன் உன் தாத்தாவுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால் அந்தச் சோதனை உனக்கு வேண்டாம் என்றது திருத்தம். தாத்தா அடிமையாக இருந்தவருக்கு ஓட்டு எங்கிருந்து வரும்? அதே சமயத்தில் கனடா அரசு அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தது: பத்து டாலர் கட்டணம், 160 ஏக்கர் நிலம். குளிரைத் தேடி யாரும் வரவில்லை. பட்டாவைத் தேடி வந்தார்கள்.

ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி, கீஸ்டோன், ஜங்கின்ஸ், காம்ப்சி. சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்டோனுக்கு வடக்கே எல்டன். இதில் ஆம்பர் வேலி எட்மன்டனுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். பிரெய்ரி என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் புல் என்று மகள் படம் வரைந்துவிடப் போகிறாள்; அங்கே இருந்தது ஆஸ்பென் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் காலை இழுக்கும் சதுப்பும். ஒவ்வொரு ஏக்கரையும் கோடரியால் மீட்டெடுத்த பிறகுதான் கலப்பை வைக்க முடிந்தது. ரயிலுக்குப் பக்கத்தில் நல்ல நிலம் இருந்தும் இவ்வளவு தள்ளிப் போனதற்குக் காரணம், யாரும் வந்து தொந்தரவு செய்யாத தூரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1913இல் டோல்ஸ் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பின்னாளில் அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு வட ஆல்பர்ட்டா முழுக்க நல்ல பெயர்.

மகளின் ஒப்படைக்கு ஒரு யோசனை: எல்லோரும் எழுதும் ஜான் வேர் என்ற கறுப்பின மாட்டுப்பண்ணைக்காரரை விட்டுவிட்டு, டாக்டர் ஆல்ஃபிரட் ஷாட் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் பிறந்தவர், 1896இல் சஸ்காச்சுவானின் கினிஸ்டினோவுக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார், திரும்பிப் போய் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு மறுபடி வந்தார். மெல்ஃபோர்ட்டில் வைத்தியம், மருந்துக்கடை, பண்ணை, பத்திரிகை என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். 1905 தேர்தலில் நின்று சொற்ப ஓட்டில் தோற்றார். 1915இல் காலமானார். ஒரு பக்கத்துக்குள் அடங்கமாட்டார்.

கனடா அவர்களை வரவேற்றதுதானே? அமெரிக்காவில் இருந்த மாதிரி நிறவெறி இங்கே இல்லை என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்.
— வின்னிபெக் வாசகர்

வரவேற்ற விதத்தைச் சொல்கிறேன். 1911 மார்ச்சில் ஏறத்தாழ 200 பேர் கொண்ட ஒரு குழு, பாதிரியார் ஹென்றி ஸ்னீட் தலைமையில், உங்கள் மனிடோபாவின் எமர்சன் எல்லைக்கு வந்தது. குதிரைகள், கோவேறு கழுதைகள், விவசாயக் கருவிகள் எல்லாம் ரயில் பெட்டிகளில். அதிகாரிகள் மருத்துவப் பரிசோதனையில் இவர்களைக் கழித்துவிடலாம் என்று பார்த்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள், கையில் பணமும் இருந்தது. சட்டப்படி நிறுத்த வழியில்லை.

எட்மன்டனில் எதிர்ப்பு கிளம்பியது. வர்த்தகச் சங்கமும் பெண்கள் அமைப்புகளும் மனு போட்டன. அந்தச் சின்ன நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 1911 ஆகஸ்ட் 12ஆம் தேதி பிரதமர் வில்ஃப்ரிட் லாரியேயின் அமைச்சரவை ஓர் ஆணை பிறப்பித்தது. நீக்ரோ இனத்தவர் கனடாவின் தட்பவெப்பத்துக்கும் தேவைகளுக்கும் பொருந்தாதவர்கள் எனக் கருதப்படுவதால், அவர்கள் குடியேற ஒரு வருடம் தடை. அக்டோபர் 5ஆம் தேதியே அதை ரத்தும் செய்துவிட்டார்கள். ஒருநாளும் அமல்படுத்தப்படவில்லை.

‘அமலாகவில்லையே, அப்புறம் என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. அமல்படுத்தத் தேவையே இல்லாமல் போயிற்று என்பதுதான் விஷயம். அரசு ஏற்கெனவே ஒக்லஹோமாவுக்கு ஆட்களை அனுப்பிவிட்டது. அவர்களில் ஒருவர் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பின மருத்துவர். கனடா போனால் குளிரில் செத்துப்போவீர்கள் என்று தேவாலயம் தேவாலயமாகப் பேசுவதற்கு அவரை அமர்த்தியிருந்தார்கள். 1912க்குள் வரவு வற்றிவிட்டது. எழுத்தில் தடை வைத்திருந்தால் பின்னால் பழி வரும்; பேச்சிலேயே தடுத்துவிட்டால் தடயம் குறைவு. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆவணம், ஆவணம் என்கிறீர்களே, ஏழைக் குடியானவர்கள் நாட்குறிப்பா எழுதியிருப்பார்கள்? அவர்களைப் பற்றி வாய்மொழிக் கதையைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?
— சஸ்கட்டூன் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதில் அரசின் நிலக் கோப்புகளில் இருக்கிறது.

160 ஏக்கரைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். முப்பது ஏக்கராவது உடைத்து உழுதிருக்க வேண்டும். அப்புறம்தான் பட்டாவுக்கு மனுப்போடலாம். அந்த மனுவே ஒரு சத்திய வாக்குமூலம். அதில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? வீட்டை எப்போது கட்டினாய், நீள அகலம் என்ன, அதன் மதிப்பு எவ்வளவு. எந்த வருடம் எத்தனை ஏக்கர் உடைத்தாய், எத்தனையில் விதைத்தாய். மாடு எத்தனை, குதிரை எத்தனை, பன்றி எத்தனை. தொழுவம், வேலி, கிணறு உண்டா. குடும்பத்தில் எத்தனை பேர். நிலத்தைவிட்டு வெளியே போயிருந்தால் எந்த மாதங்களில், எங்கே, என்ன வேலைக்கு. கைக்காசுக்காக ஆண்கள் ரயில்பாதை வேலைக்கும் நகரத்துக்கும் போய்வந்ததை இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்களில் அப்படியே பார்க்கலாம். அந்த மாதங்களில் மாட்டையும் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது யார் என்று படிவம் கேட்கவில்லை, நீங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. மனுதாரருக்காக இரண்டு அக்கம்பக்கத்தார் தனித்தனியாகச் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். நான் படிப்பறைக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்தச் சாட்சிப் பெயர்களைப் பார்க்கச் சொல்வேன். இவருக்கு அவர் சாட்சி, அவருக்கு இன்னொருவர் சாட்சி என்று கோடு போட்டுக்கொண்டே போனால், யார் யாரோடு பழகினார்கள், எந்த வெள்ளைக்கார அண்டைவீட்டார் கூட நின்றார் என்பதெல்லாம் ஒரு தாளில் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் பட்டா வாங்கப் பிரிட்டிஷ் பிரஜை ஆகவேண்டியிருந்ததால் குடியுரிமைச் சான்றும் பல கோப்புகளில் சேர்ந்தே இருக்கும்.

தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவர்கள் என்று அமைச்சரவை எழுதுகிறது. அதே அரசின் நிலப்பிரிவு, இவர் இத்தனை குளிர்காலம் தாங்கினார், இத்தனை ஏக்கர் உடைத்தார் என்று சாட்சியோடு சரிபார்த்துப் பட்டா கொடுக்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் காகிதம்தான். இவர்களுக்குச் சிலை வைக்கலாமா, சுவரோவியம் வரையலாமா என்று கூட்டம் போடுகிறவர்கள் அதற்குச் செலவிடும் பணத்தில் கால்பங்கை இந்தக் கோப்புகளைத் தேடித் தொகுப்பதற்குக் கொடுத்தால் எனக்கு நிம்மதி.

சஸ்காச்சுவான் கோப்புகள் உங்கள் மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆல்பர்ட்டா கோப்புகள் எட்மன்டனில் நுண்படச் சுருளில். இரண்டுக்கும் பெயர் அட்டவணை உண்டு. நில எண் தெரிந்தால் இன்னும் சுலபம்: கால்பங்கு, செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், எந்த மெரிடியனுக்கு மேற்கு. இதோடு 1906, 1916 பிரெய்ரி மாகாணக் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். 1916 கணக்கெடுப்பில் பூர்வீகத்தைக் குறிக்கும் பத்தியும் உண்டு.

தேடும்போது ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள். ஆம்பர் வேலி என்ற பெயர் 1931இல் தபால் நிலையம் வந்தபோது வைத்தது. அதற்கு முன் பைன் க்ரீக். கீஸ்டோனுக்கு 1927இல் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பெயரைச் சூட்டி பிரெட்டன் ஆக்கிவிட்டார்கள். ஜங்கின்ஸ் இன்று வைல்ட்வுட். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுந்து போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் பக்கம் இன்னொரு சிக்கல், குடும்பப் பெயர். நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் 1887இல் சாலமன் புட்சர் என்ற ஊர்சுற்றிப் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று பிரபலம். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜெர்ரி ஷோர்ஸ் குடும்பம். அடுத்த வருடம் அவர் எடுத்த இன்னொரு படத்தில் இருப்பது மோசஸ் ஸ்பீஸ் குடும்பம். ஷோர்ஸும் ஸ்பீஸும் உடன்பிறந்த சகோதரர்கள். அடிமைத்தளை அறுந்தபோது வெவ்வேறு பண்ணை முதலாளிகளின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் அண்ணனைக் கண்டுபிடித்துத் தம்பியைத் தொலைத்துவிடுவீர்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பு கோப்பாகப் புரட்டி, பெரும்புல்வெளி மாநிலங்களில் சுமார் 3,500 கறுப்பினத்தவர் ஏறத்தாழ 6,50,000 ஏக்கருக்குப் பட்டா பெற்றார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நாட்குறிப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த எண் கிடைத்திருக்காது.

ஜான் வேர் குதிரையையே தூக்குவாராமே, மாட்டு மந்தையின் முதுகுமேல் நடப்பாராமே, உண்மையா?
— லெத்பிரிட்ஜ் வாசகர்

பலசாலி என்பதில் சந்தேகமில்லை. மற்றதெல்லாம் கம்பளம் விரித்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் கூட்டிச் சொன்னது. 1882இல் மந்தை ஓட்டிக்கொண்டு ஆல்பர்ட்டா வந்த கூலியாள், பிறகு 9999 என்ற சொந்த முத்திரையோடு தன் மாடுகளுக்குத் தானே எஜமானரானார். இதுதான் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது. 1892இல் மில்ட்ரெட் லூயிஸைக் கல்யாணம் செய்தார். மில்ட்ரெட் டொராண்டோவிலிருந்து வந்த தச்சர் வீட்டுப் பெண். எல்லாக் கதையிலும் அரை வரியோடு போய்விடுகிறவர். 1905 வசந்தத்தில் நிமோனியாவில் அவர் போனார். அதே வருடம் செப்டம்பரில் குதிரை ஒரு வளையில் கால் இடறி விழுந்து ஜான் வேரும் போனார். அவர்கள் மரவீட்டை டைனோசர் மாகாணப் பூங்காவில் பார்க்கலாம். எலும்புகளைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் எட்டிப் பாருங்கள்.

அந்த ஊர்கள் பலவற்றில் இப்போது அந்தக் குடும்பங்களே இல்லை என்கிறார்கள். தோற்றுப்போன குடியேற்றத்தை ஏன் கட்டிக் காக்க வேண்டும்?
— எட்மன்டன் வாசகர்

தோற்றுப்போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1930களின் வறட்சி, விலைவீழ்ச்சி, அப்புறம் போர், நகரத்தில் வேலை. பிள்ளைகள் புறப்பட்டுவிட்டார்கள். இதே காரணத்துக்காகக் காலியான உக்ரேனிய ஊர்கள் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் தோல்வி என்பதில்லை. கீஸ்டோனில் 1911இல் குடியேறியவர்களின் பேத்தி வயலெட் கிங், 1954இல் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் ஆனார். எல்டனில் குடியேறிய ஜோ, மேட்டி மேய்ஸ் தம்பதியின் வழிவந்தவர்தான் 1986இல் அமெரிக்கக் கால்பந்தில் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் என்று பெயரெடுத்த ரூபன் மேய்ஸ். காலியான ஊர்தான் இவர்களை வெளியே அனுப்பியது.

காக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், எல்டனில் ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1912 வாக்கில் பாப்ளர் மரங்களை வெட்டிச் செதுக்கி அடுக்கிய ஒரு சிறு கட்டடம். பக்கத்தில் கல்லறைத் தோட்டம். அங்கே வயலில் பொறுக்கிய கல்லையே அடையாளமாக நட்ட கல்லறைகள் உண்டு. அந்தச் சமூகத்துக்கு மருத்துவச்சியாக இருந்தவர் மேட்டி மேய்ஸ், அடிமையாகப் பிறந்தவர். வழிவந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தேவாலயத்தைப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆம்பர் வேலியில் பொவன் குடும்பத்தின் ஒபதையா இல்லம் மாகாணப் பாரம்பரியச் சொத்து. பாப்ளர் மரம் மண்ணைத் தொட்டால் உளுத்துவிடும். கூரை ஒழுகுவதைக் கவனிக்காமல் சில வருடம் விட்டால் கதை முடிந்தது. விழா நடத்துவதைவிட ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது முக்கியம்.

கன்சாஸின் நிக்கோடெமஸைப் பாருங்கள். 1877இல் கென்டக்கியிலிருந்து வந்தவர்கள் ஏற்படுத்தியது. அடுத்த வசந்தத்தில் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே, காணோமே என்று கேட்டாராம். கணவர் தரையிலிருந்து கிளம்பும் புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடெமஸ் என்றார். எல்லோரும் நிலத்தைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். அவர் அழுதுவிட்டார். 1888இல் ரயில்பாதை ஊரைத் தொடாமல் போனது, ஊர் தேய்ந்தது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ஜூலை கடைசியில் வழிவந்தவர்கள் நாடு முழுவதிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். அந்தக் கூட்டம் விடாமல் நடந்ததால்தான் 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்க முடிந்தது. கொலராடோவின் டியர்ஃபீல்டில் அப்படி அமையவில்லை. 1910இல் தொடங்கி ஒரு கட்டத்தில் சுமார் 300 பேர் வாழ்ந்த ஊர்; இப்போது சாய்ந்து நிற்கும் சில மரக்கட்டடங்களைத் தாங்கிப் பிடிக்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிய நிலம்தானே அது? அதில் குடியேறியவர்களை, அவர்கள் எந்த நிறமாக இருந்தாலும், ஏன் கொண்டாட வேண்டும்?
— ரெஜைனா வாசகி

நியாயமான கேள்வி, சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறேன். ஆமாம், அதே நிலம்தான். எல்டன் இருப்பது பூர்வகுடிகளோடு அரசு செய்த 1876இன் ஆறாம் உடன்படிக்கை நிலத்தில். பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்றழைத்த அதே 1876இன் இந்தியர் சட்டம், இந்தப் பகுதிப் பூர்வகுடிகள் ஹோம்ஸ்டெட் எனப்படும் அந்த 160 ஏக்கர் நிலத்தைக் கோரவே கூடாது என்றது. அதாவது ஒக்லஹோமாக்காரர் பத்து டாலருக்குக் கேட்கக்கூடியதை, இங்கேயே பிறந்த க்ரீ இனத்தவர் கேட்க முடியாது. நிலக் கோப்புகளைத் தொகுக்கும்போது இந்த விதியையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நிக்கோடெமஸின் முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் மக்கள்தான் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொண்டாட்டம் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பதிவு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாங்கள் வாங்கிய பழைய பண்ணைவீட்டின் நிலவறையில் ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்கள். பலவற்றில் கறுப்பினக் குடும்பங்கள், ஒரு பள்ளிக்கூட வகுப்பு. என்ன செய்வது?
— பிரெட்டன் பக்கத்து வாசகி

முதலில், அந்தப் பெட்டியை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். ஈரம்தான் எதிரி. வரிசையைக் கலைக்காதீர்கள், எது எதற்கு அடுத்து இருந்தது என்பதே சில சமயம் துப்பு. ஒட்டுநாடா, பசையுள்ள ஆல்பம், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி ஒட்டுவது, மூன்றும் கூடாது. ஒவ்வொன்றையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். பெட்டி எந்த வீட்டில், எந்த மூலையில் கிடைத்தது, வீட்டை யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள்.

நீங்கள் இருப்பது பழைய கீஸ்டோன் பக்கம். பிரெட்டன் அருங்காட்சியகத்தில் அந்தக் குடும்பங்களைப் பற்றிய காட்சியே இருக்கிறது. நகலை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். மூலத்தை யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள்: யார் பயன்படுத்தலாம், குடும்பத்தார் வந்து கேட்டால் நகல் கிடைக்குமா. படத்தில் இருப்பவர்களின் வழிவந்தவர் யாராவது கிடைத்தால் இணையத்தில் போடுவதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். வயதானவரிடம் ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்’ என்று முடித்துவிடுவார். வாசல் எந்தத் திசை, கிணறு எவ்வளவு தள்ளி, டீச்சர் எங்கே தங்கினார் என்று கேளுங்கள், பேச்சு நிற்காது.

பெயர் தெரிந்தால் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதலாம். ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பது தப்பு என்று தெரிந்தாலும் அழிக்காதீர்கள். பக்கத்தில் சரியான பெயரை எழுதி, யார் சொன்னார்கள் என்று குறித்து, தேதி போடுங்கள்.